அறுபத்து நான்கு கையெழுத்து, ஆறு பேர்

பிப்ரவரி 3

லிஃப்ட் மெக்கானிக்குகள் சங்கத்தின் மாண்புமிகு செயலாளரும், என் அம்மாவின் ஒரே தம்பியும், போன மாதம்வரை எனக்கு மாமாவாக இருந்தவருமான தங்களுக்கு,

இங்கே யாரும் நலமில்லை. அங்கே நலமா என்று கேட்க மாட்டேன். நலம் என்று நீங்கள் எழுதிவிட்டால் எனக்கு வயிறு எரியும்.

இரண்டு தெரு தள்ளி இருக்கிறவள் எதற்குத் தபால்தலை ஒட்டுகிறாள் என்று பார்க்கிறீர்களா? போன் அடித்தால் எடுப்பதில்லை. வீட்டுக்கு வந்தால் உள்ளே விளக்கு எரிகிறது, செருப்பு வாசலில் கிடக்கிறது, ஆள் மட்டும் இல்லை. ஆனால் அப்பாவின் பெட்டியில் உங்கள் சங்கத்து நீலப் புத்தகம் ஒன்று கிடைத்தது. பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் அவர் சேர்ந்தபோது கொடுத்தது. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஒரு மனிதரும் திறந்ததில்லை. விதி ஒன்பது சொல்கிறது: "சங்கத்துக்கு எவர் எழுதினாலும் ஏழு நாட்களுக்குள் செயலாளர் எழுத்தில் பதில் அளிக்க வேண்டும்." எவர் என்றால் பதினாறு வயது வாண்டும் அடக்கம். ஆகவே மாட்டிக்கொண்டீர்கள்.

ஜனவரி கடைசியில் எங்களுக்கு ஒரு கடிதம் வந்தது. உறையைப் பார்த்ததும் அம்மா, "ஏய், தம்பி எழுத்து!" என்று அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடிவந்தாள். அவள் அப்படி ஓடிவந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அப்பா படித்தார். மடித்தார். திரும்பப் பிரித்துப் படித்தார்.

"என்னவாம்?" என்றாள் அம்மா.

"ஒன்னுமில்ல. நாளைலேர்ந்து எனக்கு லீவு" என்றார்.

வாழ்நாள் லீவு. "தொழிலுக்கு இழுக்கு ஏற்படுத்தியதால், பொதுக்குழுவில் அறுபத்து நான்கு உறுப்பினர்களின் ஏகமனதான தீர்மானப்படி வாழ்நாள் முழுவதும் நீக்கம்." கீழே உங்கள் கையெழுத்து, வழக்கம்போல வால் சுழித்து.

அப்பா செய்த இழுக்கு என்ன? ஒரு ஏழு மாடிக் குடியிருப்பில் லிஃப்ட் எந்த மாடிக்குப் போனாலும் நான்கு விரல் கீழே இறங்கி நிற்கிறது. பிரேக்கைத் திறந்து பார்த்தார். தேய்ந்து போயிருந்தது. ஆண்டுச் சான்றிதழில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லி, ஓட்டக் கூடாது என்ற சிவப்பு அட்டையைக் கதவில் மாட்டினார். குடியிருப்பவர்கள் ஏன் என்று கேட்டபோது ஏன் என்று சொன்னார். அந்த லிஃப்டைப் பராமரிப்பது உங்கள் தலைவரின் நிறுவனம். முடிந்தது கதை. இப்போது அட்டையை யாரோ கழற்றிவிட்டார்கள், சான்றிதழை யாரோ போட்டுக் கொடுத்துவிட்டார்கள், லிஃப்ட் ஜோராக ஓடுகிறது.

அரசாங்க உரிமம் அப்பாவிடம் இன்னும் இருக்கிறது. ஆனால் எந்தக் கட்டிடக்காரரும் முதலில் கேட்பது சங்க அட்டையைத்தான். நேற்று அவர் பக்கத்து வீட்டு இஸ்திரிப் பெட்டிக்கு ஒயர் மாற்றிக்கொண்டிருந்தார். இருபது மாடிக்குக் கம்பிவடம் இழுத்த கை.

மாமா, நான் உங்களைப் பழிவாங்கப் போகிறேன். தலைவரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், அவர் யாரோ. நீங்கள் எங்கள் தட்டில் சாப்பிட்டவர். விதி இருபத்தொன்றின்படி, யார்மீது நடவடிக்கை எடுத்தாலும் பதினான்கு நாள் முன்னறிவிப்பு தர வேண்டும், அவர் பேச்சைக் கேட்க வேண்டும். அப்பாவுக்கு நீங்கள் தரவில்லை. நான் உங்களுக்குத் தந்துவிட்டேன். இதுதான் அது.

இப்படிக்கு,
எவர்

*

எண்: 47/செ
பிப்ரவரி 9

அன்புடையீர்,

தங்கள் 3-ஆம் தேதிக் கடிதம் கிடைக்கப்பெற்றது. மேற்படி பொதுக்குழு முறைப்படி கூட்டப்பட்டது. உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் வந்திருந்தால் போதும் என்ற விதி இருக்க, வருகைப் பதிவேட்டில் அறுபத்து நான்கு கையெழுத்துகள் உள்ளன. ஆகவே தீர்மானம் செல்லும். இத்துடன் இப்பொருள் முடித்துவைக்கப்படுகிறது.

செயலாளர்
(முத்திரை)

பி.கு.: வாண்டு, இது சங்கத்துக் காகிதம், இதில் எழுதக் கூடாது. அக்கா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா?

*

பிப்ரவரி 11

முடித்துவைக்கப்பட்ட பொருளை மறுபடி திறந்துவைக்கும் மாமாவுக்கு,

உங்கள் பின்குறிப்பை அம்மாவிடம் காட்டினேன். "சாப்பிடறேன்னு எழுது. அவன் கேட்டான்னு தெரிஞ்சதும் எறங்கலேன்னும் எழுது" என்றாள். இரண்டையும் எழுதிவிட்டேன்.

பள்ளிக்கூடம் விட்டதும் சங்கக் கட்டிடத்துக்குப் போனேன். உங்கள் கூட்ட அறை நான்காவது மாடியில். லிஃப்ட் கதவில் கயிறு கட்டியிருந்தது. லிஃப்ட் மெக்கானிக்குகள் சங்கத்தின் லிஃப்டே ஓடவில்லை! உங்களைக் கேலி செய்ய நானே இப்படி ஒன்றைக் கற்பனை செய்திருந்தால், ரொம்ப மிகை என்று அடித்துவிட்டிருப்பேன். படிகளை எண்ணிக்கொண்டே ஏறினேன். தொண்ணூற்றாறு. மேலே போனதும் நாக்கு வெளியே வந்துவிட்டது. எனக்கு வயது பதினாறு. உங்கள் உறுப்பினர்களில் பாதிப் பேர் பேரன் பேத்தி எடுத்தவர்கள்.

கீழே இறங்கி வந்து காவலாளியிடம் பேச்சுக் கொடுத்தேன். லிஃப்ட் நின்று இரண்டு வருடமாம். வருகைப் பதிவேடு கூட்ட அறையில் இருப்பதில்லையாமே. அவர் மேசையிலேயே இருக்கிறது, பேனாவை நூலில் கட்டிவைத்திருக்கிறார்.

"கூட்டத்தன்னிக்கு எல்லாரும் வருவாங்களா?" என்றேன்.

"வராம? திருவிழாக் கூட்டம் மாதிரி வருவாங்க. வந்து கையெழுத்துப் போடுவாங்க, டீ குடிப்பாங்க. படியப் பாப்பாங்க, முட்டியப் பாப்பாங்க, கெளம்பிடுவாங்க."

"மேல யாரு போவாங்க?"

"அத நீ எங்கிட்ட கேக்கக் கூடாது பாப்பா. செயலாளரக் கேளு."

கேட்கிறேன். அப்பாவை நீக்கிய அன்று தொண்ணூற்றாறு படி ஏறியவர்கள் எத்தனை பேர்? இரண்டு வருடமாக லிஃப்ட் ஏன் ஓடவில்லை? ஊரிலுள்ள எல்லா லிஃப்டையும் ஓட்டுகிற அத்தனை கைகளும் அந்தக் கட்டிடத்துக்குள் டீ குடிக்க வருகின்றனவே, ஒரு கைகூடவா ஸ்க்ரூ டிரைவரைத் தூக்கவில்லை?

தீர்மானம் தீர்மானம் என்று சொல்லி எங்கள் மானத்தைத் தீர்த்துவிட்டீர்கள். நீங்கள் செயற்குழு இல்லை, செயற்கைக் குழு.

லிஃப்ட் கதவில் ஒரு காகிதம் ஒட்டிவிட்டு வந்தேன். கிழித்திருந்தால் வாசகம் இதோ: "ஆழ்ந்த இரங்கல். இந்த லிஃப்ட் இறந்து ஈராண்டு நிறைவு. அடக்கம் செய்ய ஆளின்றி வருந்தும் எண்பத்தொரு லிஃப்ட் மெக்கானிக்குகள்."

ஏழு நாள். இன்றிலிருந்து எண்ணுகிறேன்.

வாண்டு

*

எண்: 52/செ
பிப்ரவரி 16

அன்புடையீர்,

தங்கள் 11-ஆம் தேதிக் கடிதத்துக்குப் பதில்.

லிஃப்ட் குறித்து: விதி பதினான்கின்படி சங்கத்தின் எந்த வேலையையும் சங்க உறுப்பினருக்கோ அவர் நிறுவனத்துக்கோ தரக் கூடாது. சங்கத்தை வைத்து யாரும் ஆதாயம் பார்க்கக் கூடாது என்பதற்காகப் பெரியவர்கள் போட்ட விதி. இந்த ஊரில் லிஃப்டைத் தொடத் தெரிந்த அனைவரும் உறுப்பினர்கள். வெளியாள் கிடைக்கவில்லை. ஆகவே வேலை நிலுவையில் உள்ளது. இது சிரிக்கும் விஷயமல்ல.

வருகை குறித்து: பதிவேடு பதிவேடுதான். அதைக் காவலாளி மேசையில் வைத்தது வயதானவர்களின் வசதிக்காக. நல்ல மனதோடு செய்த ஏற்பாட்டைக் குற்றம் போல எழுதுகிறாய். முட்டி வலிக்கிறவர்கள் ஏற முடியாவிட்டால் அவர்களை நான் முதுகில் சுமந்துகொண்டா போக முடியும்? நாங்கள் ஆறு பேராவது மூச்சு வாங்க ஏறி உட்கார்ந்தோமே, அதற்கு ஒரு நன்றி உண்டா? கீழே கையெழுத்துப் போட்டவர்கள் மேலே நடப்பதை ஒப்புக்கொண்டதாகத்தான் அர்த்தம். இரண்டு வருடமாக இப்படித்தான் நடக்கிறது, யாரும் வாய் திறக்கவில்லை. நீ மட்டும் என்ன பெரிய வக்கீலா?

அந்தக் காகிதத்தைக் கிழித்துவிட்டேன். தலைவர் பார்ப்பதற்கு முன்னால் கிழித்தேன், உனக்காக.

செயலாளர்
(முத்திரை)

*

பிப்ரவரி 20

என் அருமை மாமா,

முத்தம். உங்கள் கடிதத்துக்குத்தான், உங்களுக்கு இல்லை.

"நாங்கள் ஆறு பேராவது." சங்கக் காகிதத்தில், எண் போட்டு, தேதி போட்டு, வால் சுழித்த கையெழுத்தும் முத்திரையும் வைத்து! நான் மூன்று கடிதம் எழுதி மெல்ல மெல்லக் கறக்கலாம் என்று திட்டம் போட்டிருந்தேன். நீங்கள் முதல் தடவையிலேயே பானை நிறையக் கொடுத்துவிட்டீர்கள். எனக்கு ஏழு வயதாக இருந்தபோது நாம் இரண்டு பேரும் சேர்ந்து உங்கள் மாடிக் கட்டிடத்து லிஃப்டில் பொத்தான் எண்களை மாற்றி ஒட்டினோமே, அன்றும் நீங்கள்தான் முதலில் சிரித்துக் காட்டிக்கொடுத்தீர்கள்.

கடிதம் கிடைத்த அன்றே பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துக் கடையில், உங்களையும் தலைவரையும் தவிர்த்து, அறுபத்திரண்டு நகல் எடுத்தேன். ஒவ்வொன்றின் கீழேயும் என் கையால் இரண்டு வரி: "ஐயா, நீங்கள் டீ குடிக்கும்போது போட்ட கையெழுத்துதான் எங்கள் அப்பாவை வீட்டுக்கு அனுப்பியது. நாளைக்கு உங்களையும் அனுப்பும்." சைக்கிளில் ஐம்பத்தெட்டு வீடு ஏறி இறங்கிவிட்டேன். மிச்சம் நான்கு பேரும் உங்களோடு மாடி ஏறியவர்கள் என்று தெரிந்தது. அவர்களுக்கும் கொடுத்தேன், மரியாதைக்கு.

ஒரு வீட்டில் வெள்ளை மீசைக்காரர் ஒருவர் படித்துவிட்டு வாசல்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அன்னிக்கு உங்கப்பா பேரே எங்ககிட்ட யாரும் சொல்லலம்மா. கணக்கு வாசிக்கிற கூட்டம்னுதான் சொன்னாங்க. நான் உங்கப்பாவோட ஒரே கம்பிய ரெண்டு பக்கம் புடிச்சவன்மா" என்றார். அவர் மனைவி உள்ளேயிருந்து, "இனிமே எதுலயும் படிக்காம கையெழுத்துப் போடுவியா? போடுவியா?" என்று கத்திக்கொண்டே இருந்தார். எனக்குக் காதுக்கு இனிமையாக இருந்தது.

நீலப் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் படித்திருக்கிறீர்களா மாமா? விதிகளுக்கு முன்னால் "நோக்கம்" என்று ஒரே ஒரு வரி. "தொழிலாளியின் பிழைப்பையும், ஏறுகிறவரின் உயிரையும் காத்தல்." அப்பா இரண்டாவதைக் காத்தார். நீங்கள் முதலாவதைப் பறித்தீர்கள்.

வாண்டு

*

எண்: 58/செ
பிப்ரவரி 25

வாண்டு,

முப்பத்தேழு பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்துவிட்டார்கள். ஐந்தில் ஒரு பங்கினர் கேட்டால் சிறப்புப் பொதுக்குழுவைக் கூட்டியே ஆக வேண்டும். மார்ச் 15, ஞாயிறு காலை. இம்முறை பதிவேடு மேலேதான் இருக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். கூட்டம் சங்கத்தின் பதிவு முகவரியில்தான் நடக்க வேண்டும், அதாவது அந்த நான்காவது மாடியில்.

எல்லோரும் மேலே வர லிஃப்ட் ஓட வேண்டும். உரிமம் வைத்திருந்து, உறுப்பினராகவும் இல்லாதவர் இந்த ஊரில் ஒரே ஒருவர்தான். தலைவர் வேண்டாம் என்றார். வேறு வழியில்லை என்று விதியைக் காட்டினேன். முகம் கறுத்துவிட்டது.

மச்சானுக்கு வேலை ஆணையை இத்துடன் வைத்திருக்கிறேன். நேரில் கொண்டுவந்து தரத்தான் நினைத்தேன். உங்கள் தெருமுனைவரை வந்தேன்.

செயலாளர்
(முத்திரை)

*

மார்ச் 9

தெருமுனைச் செயலாளருக்கு,

அப்பா முதலில் ஆணையைத் தொடவே இல்லை. அம்மாதான் எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "ஒரு காகிதத்துல வெளிய போங்கறான், ஒரு காகிதத்துல உள்ள வாங்கறான். என்னன்னு நெனச்சான் உன் தம்பி?" என்றார் அப்பா.

"அவன் என் தம்பி இல்ல, செயலாளர். நீங்க போய் லிஃப்டப் பாருங்க. அது ஒங்களுக்கு என்ன பண்ணுச்சு?" என்றாள்.

நேற்றுப் போனார். நானும் போனேன், விளக்கைப் பிடித்துக்கொள்ள. ஒன்றரை மாதம் கழித்து அந்தப் பெரிய கருவிப் பையைத் தோளில் மாட்டும்போது பழைய இடத்தில் அது சரியாகப் போய் உட்கார்ந்தது. அதைப் பார்த்து எனக்கு உங்கள் மேல் கோபம் புதிதாகப் பொங்கியது.

என்ன கோளாறு தெரியுமா? இரண்டாவது மாடிக் கதவுப் பூட்டின் தொடுமுனையில் அழுக்கு. கதவு மூடிவிட்டது என்று சொல்ல வேண்டிய இடத்தில், மூடவில்லை என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. துடைத்து, வளைந்திருந்த தகட்டை நிமிர்த்தி, நாற்பது நிமிடம். மிச்ச நேரமெல்லாம் பிரேக்கையும் வடத்தையும் சோதித்தார். நாற்பது நிமிட வேலைக்காக எண்பத்தொரு மெக்கானிக்குகள் இரண்டு வருடம் முட்டியைத் தேய்த்தீர்கள். இந்தச் செய்தி வெளியூர்ச் சங்கங்களுக்குப் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்கிறேன். யோசிக்கவே சுகமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நான்தான் லிஃப்டில் பொத்தான் அமுக்கப் போகிறேன். ஒரு தடவைக்கு எட்டுப் பேர். உங்களையும் தலைவரையும் தவிர எல்லோரையும் ஏற்றுவேன். நீங்கள் இருவரும் படி வழியாக வாருங்கள், பழக்கப்பட்ட வழிதானே. நல்ல சட்டையாகப் போட்டுக்கொள்ளுங்கள் மாமா. வெளியே அனுப்பும்போது பார்க்க நன்றாக இருக்க வேண்டும்.

வாண்டு

*

மார்ச் 17

வாண்டு,

இது சங்கக் காகிதம் இல்லை. அது இப்போது புதுச் செயலாளரிடம் இருக்கிறது.

நீ வெளியே லிஃப்டில் நின்றாய், கைதட்டல்தான் கேட்டிருக்கும். உள்ளே நடந்ததைச் சொல்கிறேன். ஐம்பத்தெட்டுப் பேர். முதலில் மச்சானின் நீக்கம் செல்லாது என்றார்கள், அட்டையைத் திரும்பக் கொடுத்தார்கள். அதுவரை எல்லாம் முறைப்படிதான் நடந்தது. அதற்குப் பிறகு யாரோ "ஆறு பேரு!" என்று கத்தினார். தலைவர் பையை எடுத்துக்கொண்டு, ராஜினாமா என்று சொல்லிவிட்டுப் படியில் இறங்கிவிட்டார். அவர் போனதும் கூட்டம் என் பக்கம் திரும்பியது. "இவனையும் தூக்கு, வாழ்நாளுக்கு" என்றது ஒரு குரல். கைகள் எழுந்தன. யாரும் எண்ணவில்லை. நான் எழுந்து, ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றேன். "ஒக்காருடா" என்றார்கள். மச்சான் கையைத் தூக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை, மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம்தான். நீ ஜெயித்துவிட்டாய். கெட்டிக்காரி.

சொல்ல நினைத்ததை உனக்கு எழுதுகிறேன். வேறு யார் கேட்பார்கள்? அந்த ஏழு மாடிக் குடியிருப்பில் மச்சான் மறுத்த சான்றிதழில் கையெழுத்துப் போட்டது நான். சிவப்பு அட்டையைக் கழற்றியதும் நான்தான். லிஃப்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. போடாவிட்டால் அடுத்துப் பறிபோவது உன் சங்க அட்டைதான் என்றார் தலைவர். எனக்குப் பயம். பெரிய காரணம் ஏதாவது இருந்தால் எழுதியிருப்பேன். வெறும் பயம்தான்.

இதைச் சொல்லி அந்தச் சான்றிதழைத் திரும்பப் பெறத்தான் எழுந்தேன். இப்போது உறுப்பினரில்லாதவன் பேச்சு சங்கத்தில் ஏறாது. லிஃப்ட் ஓடிக்கொண்டிருக்கிறது.

அக்காவிடம் இதைக் காட்டாதே. காட்டினாலும் பரவாயில்லை.

மாமா

*

மார்ச் 18

மாமா,

காட்டினேன். அம்மா கடைசிவரை படித்தாள். கடிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டுக் குழாயைத் திறந்து, கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவினாள்.

அப்பா படித்து முடிப்பதற்குள் செருப்பை மாட்டிவிட்டார். பன்னிரண்டு நிமிடத்தில் அந்தக் குடியிருப்புக்குப் போய்விட்டோம். சிவப்பு அட்டையைத் திரும்பக் கதவில் மாட்டினார். நிர்வாகி ஓடிவந்து, "சான்றிதழ் இருக்குல்ல? நீங்க யாரு மாட்ட?" என்றார். அப்பா சங்க அட்டையைக் காட்டினார். "சரி, நீங்களும் மெக்கானிக்தான், அவரும் மெக்கானிக்தான். ஒங்க சங்கம் சான்றிதழ ரத்துன்னு எழுதிக் குடுக்கட்டும். அதுவரைக்கும் ரெண்டு நாள் நிறுத்தறேன், ஏழாவது மாடியில நடக்க முடியாதவங்க இருக்காங்க" என்றார். அப்பா புதுச் செயலாளரிடம் போனார், உங்கள் கடிதத்தோடு. அவர் புத்தகத்தைப் புரட்டினார். சான்றிதழை ரத்து செய்ய வேண்டுமென்றால் கையெழுத்துப் போட்டவரைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். கையெழுத்துப் போட்டவரை இவர்களே வாயை மூடி வெளியே தள்ளிவிட்டார்கள். மறு விசாரணை நடக்கும்வரை லிஃப்ட் நிற்கட்டும் என்று மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறார். நிர்வாகி அதற்கு மூன்று வாரம்தான் கெடு வைத்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை கைதட்டல் கேட்டபோது நான் லிஃப்டுக்குள் தனியாகக் குதித்தேன் மாமா. அது குலுங்கியது. அப்பா பிரேக்கைச் சரியாக வைத்திருந்ததால் பிழைத்தேன். ஒன்றரை மாதம் நான் சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் நினைத்துக்கொண்டிருந்தது அந்தக் கைதட்டலைத்தான். உங்கள் கடிதம் வந்த பிறகு அது ருசிக்கவில்லை. உங்கள் மேல் இரக்கம் வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பொட்டுகூட வரவில்லை. இது போதவில்லை, அவ்வளவுதான். ஐந்து நிமிடக் கூச்சல், எண்ணாத கைகள், பேச விடாத கூட்டம். இதை அவர்களே அப்பாவுக்குச் செய்தார்கள், இப்போது உங்களுக்கும் செய்துவிட்டு, நான் கேட்ட பழியைத் தீர்த்துவிட்டதாகச் சொல்கிறார்கள். எனக்கு வேண்டியது இது இல்லை. நான் கேட்டது அசல் சரக்கு.

மேல்முறையீட்டு மனுவை நானே எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். விதி இருபத்திரண்டு, முப்பது நாள் அவகாசம். கையெழுத்து மட்டும் போடுங்கள். உங்களுக்கு முறைப்படி பதினான்கு நாள் முன்னறிவிப்பு வரட்டும். கூட்டம் கூடட்டும். நீங்கள் எழுந்து, எனக்கு எழுதியதை அப்பா முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். சான்றிதழ், சிவப்பு அட்டை, பயம், எல்லாவற்றையும். அதற்குப் பிறகு ஒவ்வொரு கையாக எண்ணி உங்களை வெளியே அனுப்பட்டும். அப்போதுதான் என் கணக்கில் அது பழி.

கையெழுத்துப் போடாமல் பின்கதவு வழியாகப் போனால், அந்த நான்கு விரல் பள்ளத்தில் யாராவது தடுக்கி விழும் நாளில் நான் உங்களுக்கு மறுபடி எழுதுவேன். அந்தக் கடிதத்தை நீங்கள் படிக்க விரும்ப மாட்டீர்கள்.

வாண்டு

*

மார்ச் 20

வாண்டு,

மனுவை நானே புதுச் செயலாளர் கையில் கொடுத்துவிட்டேன். ஏப்ரல் 5 என்று தேதி தந்திருக்கிறார்கள்.

நீ எழுதிய மனுவில் ஓரிடத்தில் "எனக்கு இழைக்கப்பட்ட அநீதி" என்று இருந்தது. அதை மட்டும் அடித்துவிட்டேன்.

மாமா

*

ஏப்ரல் 6

மாமா,

நேற்று நீங்கள் யாரிடமும் சொல்லாமல் இறங்கிப் போய்விட்டீர்கள். அதனால் முழுவதையும் எழுதி அனுப்புகிறேன். புதுச் செயலாளரின் நடவடிக்கைக் குறிப்பு உங்களுக்குத் தபாலில் வரும், ஆனால் அதில் முகங்கள் இருக்காது.

கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நீங்கள் பேசும்போது இடது கையால் மேசை விளிம்பைப் பிடித்திருந்தீர்கள். முதலில் ஜன்னலைப் பார்த்துச் சொன்னீர்கள். அப்பா, "இங்க பாத்துச் சொல்லு" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அப்புறம் அவரைப் பார்த்துச் சொன்னீர்கள். சான்றிதழ் என்றீர்கள், அட்டை என்றீர்கள். பயம் என்ற சொல் வந்தபோது வெள்ளை மீசைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் மட்டுமில்லை.

நீங்கள் இறங்கிப் போன பிறகு சான்றிதழை ரத்து செய்தார்கள். குடியிருப்பின் லிஃப்டைப் பிரேக் மாற்றும்வரை திறக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த வேலை பழைய தலைவரின் நிறுவனத்துக்குக் கிடையாது. தலைவருக்கும் விசாரணைத் தேதி போட்டிருக்கிறார்கள், பதினான்கு நாள் முன்னறிவிப்போடு. அவர் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டியது நான்தான். நன்றாக எச்சில் தடவி ஒட்டினேன்.

அடுத்தது நீங்கள். ஒருவர் எழுந்து, "வாழ்நாளுக்கு" என்றார். எண்ணினார்கள். பதினோரு கைகள். அப்பா கை அதில் இல்லை. ஒரு மனிதர் பயந்தார் என்பதற்காக வாழ்நாளா, அப்படிப் பார்த்தால் இந்த அறையில் யார் மிஞ்சுவோம் என்று இன்னொருவர் கேட்டார்.  அப்புறம் புதுச் செயலாளர் ஒரு வருடம் என்றார். முதலில் எழுந்த கை அப்பாவுடையது. அதை நான் உங்களிடமிருந்து மறைக்க விரும்பவில்லை. முழுதாக நீட்டித் தூக்கினார், எண்ணி முடிக்கும்வரை இறக்கவில்லை. நாற்பத்து நான்கு.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னோம். "ஒரு வருஷமா?" என்றாள். நாட்காட்டியைப் பார்த்தாள். 

நான் உங்களை மன்னிக்கவில்லை மாமா. அப்பா இஸ்திரிப் பெட்டியோடு உட்கார்ந்திருந்ததை நீங்கள் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். அது எனக்குள் அப்படியே இருக்கிறது, இறங்க மறுக்கிறது. ஆனால் அப்பாவுக்கு நீங்கள் எழுதிய காகிதத்தில் வாழ்நாள் என்று இருந்தது. உங்களுக்கு அவர் கை தூக்கிய காகிதத்தில் ஒரு வருடம் என்று இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். நிறைய நேரம் கிடைக்கும்.

வித்தியாசம் புரிந்தால் அடுத்த ஏப்ரல் ஆறாம் தேதி முன்வாசல் வழியாக வாருங்கள். புரியாவிட்டால் வர வேண்டாம்.

அதற்கு முன்னால் ஒரு நாள்கூட வர வேண்டாம்.

வாண்டு